ஆசியாவோடு சண்டை போட்ட அக்கா

இந்தியா போய் ஆசியாவின் மேல் மோதிக்கொண்டிருப்பதைத் தன் சொந்த வீட்டு விவகாரமாக எடுத்துக்கொண்டு, அந்தக் கவலையில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட ஒரே ஆள் உலகத்திலேயே அக்காதான். புவியியல் படித்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். அவர்களில் யாரும், "கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் நான் சேர்ந்தபோது அவர் மடிப்பு செக்‌ஷனுக்குத் தலைவி. நான் பிரிண்டிங் டெக்னாலஜியில் டிப்ளமோ முடித்த கையோடு குவாலிட்டி பார்க்க வந்தவள். அச்சாகி வரும் தாளை எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, நான்கு நிறங்களும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்வது என் வேலை. மடித்து, கட்டுப்போட்டு அனுப்புவது அக்காவின் வேலை. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. சம்பள நாளில் மட்டும் அதைக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் அவர் 'இமயமலை'. உயரத்துக்காக வந்த பெயர் இல்லை. தாள் ரீம்களின் அடுக்குக்குப் பின்னால் நின்றால் அங்கே ஓர் ஆள் இருப்பதே தெரியாது.

பெயர் வந்த காலம், சுனாமி முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்த கோடை. பூமிக்கு அடியில் என்னதான் நடக்கிறது என்று பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் திடீரென்று அக்கறை வந்திருந்தது. எங்களுக்கு ஒரு சார்ட் ஆர்டர் வந்தது, வகுப்பறைச் சுவரில் மாட்டுகிற பெரிய தாள். மேல்பாதியில் உலகப்படம், பூமியின் மேலோடு எந்தெந்தத் தட்டுகளாக உடைந்து கிடக்கிறது என்று தட்டுக்கு ஒரு நிறம். கீழ்ப்பாதியில் இந்தியாவின் நில அமைப்பு, ஓரத்தில் பொடி எழுத்தில் விளக்கம்.

மடிப்பு மேசையில் நிற்பவர்கள் எதையும் படிப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையோ ஊறுகாய் லேபிளோ, அவர்களுக்கு எல்லாம் தாள். அக்கா மட்டும் படித்துவிட்டுத்தான் மடிப்பார். அன்றைக்குப் பாதிக் கட்டு மடித்தபோது அவர் கை நின்றுவிட்டது.

"பாப்பா, இங்கன வா. இந்தியா நகருதுன்னு போட்டிருக்கு. அச்சுப் பிழையா?"

"இல்லக்கா. நெசமாவே நகருது. வருசத்துக்கு நாலஞ்சு சென்டிமீட்டர்."

"எந்தப் பக்கமா?"

"வடக்குப் பக்கமா."

"வடக்க என்ன இருக்கு?"

"ஆசியா."

"அது ஒதுங்காதா?"

"ஒதுங்காதுக்கா. ரெண்டும் முட்டுனதுல நடுவுல இருந்தது மடிஞ்சு எந்திரிச்சுருச்சு. அதுதான் இமயமலை. இன்னும் எந்திரிச்சுக்கிட்டேதான் இருக்கு."

அவர் சார்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "என் தம்பி எங்கன இருக்கான்னு காட்டு."

தம்பி ராணுவத்தில் இருந்தான். காஷ்மீரில், எல்லையோரம் ஒரு மலை முகாம். நான் விரலை வைத்தேன். இரண்டு நிறங்கள் முட்டிக்கொள்ளும் தடித்த கறுப்புக் கோட்டின் மேல் விரல் நின்றது.

அக்கா என் விரலை எடுத்துத் தள்ளிவைத்துவிட்டு, அந்த இடத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

தம்பியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனை வளர்த்தது அக்கா. அப்போது அவர் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலையில் இருந்தார். ஒரு நாள் அடுத்த அறை வெடித்தது. அக்கா வெளியே ஓடி வந்துவிட்டார், இடது காது மட்டும் கேட்காமல் போனது. தேறி எழுந்ததும் இரண்டு தீர்மானங்கள் எடுத்தார். ஒன்று, தான் இனிமேல் பிரஸ் வேலைக்குத்தான் போவது. இரண்டு, தம்பியின் நிழல்கூடப் பட்டாசுக் கம்பெனியில் விழக் கூடாது. அவனுக்கு வயது வந்ததும் விருதுநகரில் ராணுவத்துக்கு ஆள் எடுத்த மைதானத்துக்குத் தானே கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தினார்.

"ஏத்தா, வெடிக்குப் பயந்து பட்டாளத்துக்கா அனுப்புவாக?" என்று எங்கள் பிரஸ் முதலாளி அடிக்கடி கிண்டல் செய்வார்.

"அங்க எதிரி எந்தப் பக்கம் நிக்கான்னு தெரியும்ல, மொதலாளி" என்பது அக்காவின் பதில்.

இப்போது எதிரி காலடியில் இருப்பதாக ஒரு சார்ட் சொல்லிவிட்டது. அக்கா அன்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து மதிய இடைவேளை புவியியல் வகுப்பாக மாறியது. மேசையில் ஒரு கட்டுத் தாளைச் சுவரோரமாக வைத்து, இன்னொரு கட்டை அதன் மேல் மெல்லத் தள்ளுவார். நடுவில் தாள் புடைத்துக்கொண்டு எழும்பும். "பாத்தீகளா, இதான் இமயமலை. இதுக்கு முன்னாடி ஒரு பள்ளம் விழுதுல்ல? மலையில இருந்து வர்ற ஆறெல்லாம் மண்ணக் கொண்டாந்து இதைத்தான் ரொப்புச்சு. கங்கைச் சமவெளி. கோதுமை இங்கன வெளையுது." பிறகு பின்பக்கக் கட்டை முட்டியால் தட்டுவார். "இது நாம. பழைய பாறை, கெட்டி. இது மடியாது, மிஞ்சிப் போனா விரிசல்தான் விடும்." ஒரு நாள் தூரத்தில் தெரியும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காட்டி அது எப்படி வந்தது என்று ஒருத்தி கேட்டாள். அக்கா என்னிடம் கேட்டு வந்து, "அந்தப் பக்கத்து நிலம் நம்மள விட்டுப் பிரிஞ்சு போனப்ப ஒசந்து நின்ன கரை அது. பிரிஞ்சவுக பேர் வேண்டாம், இப்ப ஒறவு இல்ல" என்றார்.

மெசின்மேன் ஜமால் பாய்தான் பட்டம் சூட்டியவர். "இமயமலை, டீ வந்துருச்சு, எந்திரிச்சு வாங்க" என்று ஒரு நாள் குரல் கொடுத்தார். அவ்வளவுதான், பிரஸ் முழுக்க ஒட்டிக்கொண்டது.

பாய் இளகிய மனசுக்காரர். அதனால்தான் எங்கள் பிரஸ்ஸுக்கு அந்த ஆபத்து வந்தது. சார்ட் ஓடிக்கொண்டிருந்த ஒரு பகலில் அக்கா மெசின் பக்கம் போய் நின்றார்.

"பாய், இந்த இந்தியாவ ஒரு நூலு தெக்க எறக்க முடியாதா?"

"சிவப்ப மட்டும் தள்ளுனா எறங்கும். எதுக்கு?"

"ஒரே ஒரு தாளு. கண்ணால பாக்கணும்."

இந்தியத் தட்டுக்கு ரோஸ் நிறம், ஆசியாவுக்கு மஞ்சள். பாய் சிவப்பு யூனிட்டின் திருகைக் கொஞ்சம் திருகி ஒரு தாள் ஓட்டிக் காட்டினார். இந்தியா ஆசியாவை விட்டு விலகி நின்றது. நடுவில் வெள்ளை இடைவெளி. அக்கா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தம்பிக்கு மூச்சு விட இடம் கிடைத்த மாதிரி அவர் முகம் இருந்தது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. வந்ததும் பாய் மெசினைப் போட்டார். திருகை மட்டும் திருப்பி வைக்கவில்லை.

நான் அடுத்த தாளை எடுத்துப் பார்ப்பதற்குள் கணிசமாக ஓடிவிட்டது. சிவப்பைத் தள்ளினால் சிவப்பு கலந்த எல்லாமே தள்ளும் என்பது அச்சு விதி. இமயமலை பழுப்பு நிறம், அதில் சிவப்பு உண்டு. ஆகவே அது பாதி உத்தரப்பிரதேசத்துக்கு இறங்கி வந்திருந்தது. ஆப்பிரிக்காவுக்குப் பட்டுச் சேலை மாதிரி ஒரு சிவப்புக் கரை. ஓரத்து விளக்கத்தோடு இருந்த படத்தில் ஒரு மாணவனின் உதடு தாடைக்கு வந்திருந்தது. முதலாளி தாளைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், கடைசியில் ரீம் அடுக்குக்குப் பின்னால் தேடி அக்காவைப் பார்த்தார்.

"கண்டத்தையெல்லாம் நகத்துறதுக்கு நம்ம பிரஸ்ல ஆர்டர் எடுக்கலத்தா."

வீணான தாளை எங்கள் ஊரில் யாரும் எறிவதில்லை. அந்தக் கட்டுகள் பட்டாசுக்குக் குழாய் சுற்றப் போயின. அக்காவுக்கு அது தாங்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்புட்டு நாட்டையும் வெடிக்குச் சுத்திட்டீகளே" என்று இரண்டு நாள் பாயிடம் பேசவில்லை.

தம்பி வாரம் ஒருமுறை பிரஸ் ஆபீஸ் போனுக்குக் கூப்பிடுவான். முதலாளி ஐந்து நிமிடம் அனுமதிப்பார். முன்பெல்லாம் கேட்காத காதுக்கும் சேர்த்து அக்கா சத்தமாகக் குசலம் விசாரிப்பார். சார்ட் வந்த பிறகு உத்தரவுகள் மட்டும்தான்.

"ஏலே, கூரைக்கடியில படுக்காத. வெளிய படு."

"அக்கா, இங்கன வெளிய படுத்தா பூகம்பம் வேண்டாம், குளிரே போதும்."

"அப்ப பூட்ஸ கழத்தாமப் படு. கதவ ஒட்டிப் படு."

"கதவ ஒட்டி சுபேதார் படுக்காரு."

"அவரத் தள்ளிப் படுக்கச் சொல்லு. காரணத்த எடுத்துச் சொல்லு, படிச்ச மனுசன்தான, கேப்பாரு."

அவன் சிரிப்பது எங்களுக்கும் கேட்கும். கடைசியில், நில அமைப்பைக் காரணம் காட்டித் தம்பியைத் தென்னிந்தியாவுக்கு மாற்றச் சொல்லி என்னை ஆங்கிலத்தில் ஒரு மனு எழுத வைத்தார். நானும் பழைய பாறை, புதிய மலை, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்று பாயிண்ட் பாயிண்ட்டாக எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி அதை முகாமில் சத்தமாகப் படித்தாராம். மாற்றல் வரவில்லை. தம்பிக்கு அங்கே 'புரொபசர்' என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் ஆவணி மாதம் ஒரு பகலில் ஜன்னல் கண்ணாடிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அதிர்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பகுதியில் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஓர் அமைதி வரும். ஒவ்வொருத்தரும் தங்கள் வீட்டு ஆள் எந்தக் கம்பெனியில் என்று மனசுக்குள் ஓடிப் பார்க்கிற நேரம் அது. அக்கா மேசைக்கு அடியில் இருந்தார். அங்கிருந்தே கேட்டார்: "தட்டா, வெடியா?"

ஜன்னலில் நின்ற பாய், "சாத்தூர்ப் பக்கம் பொகை தெரியுது. வெடி" என்றார்.

"அப்பாடா" என்றார் அக்கா.

சொன்ன உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். இரண்டு பெண்கள் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடியிருந்தார்கள். அன்று யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று சாயங்காலம் தெரிந்தது. அதுவரை அக்கா மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. நான் குனிந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வெடின்னா எந்திரிச்சு ஓடலாம் பாப்பா. அதுக்குத்தான ரூமுக்குச் சுத்தி வாசல் வச்சிருப்பாக. நான் அப்படி ஓடி வந்தவதான். தரையே கெளம்பி வந்தா அவன் எந்த வாசல் வழியா ஓடுவான்?"



தீபாவளிக்கு மூன்று நான்கு வாரம் இருந்தது. காலண்டர் சீசன். ஒரு சனிக்கிழமை முற்பகலில் முதலாளி தன் அறையிலிருந்து வந்து, என்னையும் பாயையும் மெசினுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார். காஷ்மீரில் பெரிய பூகம்பம், டிவியில் ஓடுகிறது என்றார். எல்லையோர ஊர்களின் பெயர்களைச் சொன்னார். தம்பியின் முகாம் இருந்த பக்கமும் அதில் வந்தது.

இத்தனை மாதமும் லாரி போனாலே தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாமல் முருகன் காலண்டருக்கு மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சேதி தெளிவாகிற வரை அவரிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தோம். ஆபீஸ் டிவி அணைக்கப்பட்டது. டீக்காரரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. மடிப்பு மேசையில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு பிரமாதமாக வேலை பார்த்தார்கள். அப்படி ஒரு ஒழுங்கை அந்த செக்‌ஷன் அதற்கு முன் கண்டதில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா எழுந்து நின்றார்.

"பாய், காலையில டீ வந்தப்ப என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டீக?"

பாய் துணியை எடுத்து மெசினைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அக்கான்னு கூப்பிட்டீக. இவளுகளும் அக்கான்னே கூப்பிடுதாளுக. ஒருத்தி வாயிலயும் இமயமலை வரல." என் பக்கம் திரும்பினார். "அங்க என்ன ஆச்சு?"

எதையும் பட்டியலாகப் போட்டால் எனக்குத் தைரியம் வரும். அவரை உட்கார வைத்து, தம்பியிடமிருந்து போன் வராததற்குக் காரணங்களைச் சொன்னேன். போன் கம்பிகள் அறுந்திருக்கும். ரோட்டில் மண் சரிந்திருக்கும். அவனை மீட்பு வேலைக்கு அனுப்பியிருப்பார்கள்.

"அடுத்தது?" என்றார்.

"அவ்வளவுதான்க்கா."

"இன்னொண்ணு இருக்கு. நீ சொல்ல மாட்டேங்க."

முதலாளி தன் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அக்காவை உட்காரச் சொன்னார். அவர் அதில் உட்காராமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டார். சாயங்காலம் வந்தது, அவன் கூப்பிடவில்லை. ஞாயிறு காலை பத்திரிகையில் வந்த படங்களை நான் பார்த்தேன். கல் வீடுகள் தாள் கட்டுச் சரிந்த மாதிரி மலைச்சரிவில் சரிந்து கிடந்தன. ஒரு படத்தில் ராணுவ உடையில் ஆட்கள் வெறுங்கையால் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் படத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய் ஒவ்வொரு முதுகாகப் பார்த்தார். சீசன் என்பதால் அன்றும் பிரஸ் உண்டு. போன் அடித்தபோதெல்லாம் மெசின் சத்தத்தை மீறி எங்களுக்குக் கேட்டது. எல்லாம் காலண்டர் ஆர்டர். முதலாளி, "லைன் வேணும், வைங்க" என்று வாடிக்கையாளர்களைத் துண்டித்துக்கொண்டே இருந்தார். சீசனில் அவர் அப்படிச் செய்ததை நான் வேறு எப்போதும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் அவனே பேசினான்.

பாய் மெசினை நிறுத்திவிட்டார். நாங்கள் ஆபீஸ் வாசலில் நின்றோம். அக்கா ரிசீவரை வலது காதில் அழுத்திக்கொண்டு, "ஏலே" என்றார்.  

"சாப்பிட்டியாலே?"

அவன் அழுதான். அவன் நல்லபடியாகத்தான் இருந்தான். அதிர்ந்தபோது திறந்த வெளியில் நின்றிருக்கிறான். அதற்குப் பிறகு பக்கத்துக் கிராமங்களில் ஆட்களைத் தோண்டி எடுக்கிற வேலை. தோண்டும்போதே தரை திரும்பத் திரும்ப ஆடுகிறதாம். "அக்கா, பயமா இருக்கு. நிக்க மாட்டேங்குது. நீ அந்தத் தட்டு கதையச் சொல்லு. என்னமாச்சும் சொல்லு."

எத்தனையோ மாதமாக எங்களை மிரட்டிவந்த மனுஷி முதுகை நிமிர்த்திக்கொண்டார். அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"கேட்டுக்கோ. பெருசா ஆட வேண்டியது ஆடிருச்சு. இப்ப ஆடுறது, மலை ஒக்காரதுக்கு இடம் பாக்குது. கட்டு போட்டு வச்சா தாளு கொஞ்ச நேரம் படியும்ல, அது கணக்கா. ஒவ்வொரு தடவையும் கொறையும். நீ சொவரு பக்கம் நிக்காத, சரிவுக்குக் கீழ நிக்காத. நான் இங்கன பழைய பாறை மேல நிக்கேன். இது கெட்டி. இது ஆடாது. நீ என்னைப் பிடிச்சுக்கோ."

லைன் போகும் வரை இதையே மாற்றி மாற்றிச் சொன்னார். ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. முதலாளி தன் அறைக்கு வெளியே, வேலை கேட்டு வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். ரிசீவரை வைத்த பிறகுதான் அக்காவின் கால்கள் ஆடின. நானும் பாயும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம்.

தம்பி அந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கேயே இருந்தான். அதன்பிறகு ராஜஸ்தானுக்கு மாற்றலானான். அந்த ஊர் எந்த வகைத் தரை என்று என்னிடம் விசாரித்துத் திருப்தியான பிறகே அக்கா சந்தோஷப்பட்டார்.

நான் இப்போது டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு பேக்கேஜிங் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த ஊர் அவ்வப்போது லேசாக ஆடும். மாடிகளிலிருந்து எல்லாரும் இறங்கித் தெருவில் நிற்போம், கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் பேசிக்கொண்டே மேலே போய்விடுவார்கள். நான் போவதில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிளக்கடியில் நிற்பேன். சிவகாசியில் டிவியில் பூகம்பச் செய்தி ஓட ஆரம்பித்ததும் அக்காவின் அழைப்பு வந்துவிடும், அம்மா கூப்பிடுவதற்கு முன்பே.

"பாப்பா, வெளியதான நிக்க?"

அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதனால்தான் நிற்கிறேன்.